உணவகத்துக்கும் பாருக்கும் மேசை நாற்காலி: புது வடிவம், நம் சாப்பாட்டுக்கேற்ற அளவு, தாங்கும் பொருள்

புதிதாக உணவகம் தொடங்குகிறவர்கள் கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்கள் இப்போது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பிரம்பு முதுகு வைத்த தேக்கு நாற்காலி, சுவரோடு ஓடும் மெத்தை பெஞ்சு, வெள்ளை மார்பிள் வட்ட மேசை, வரிவரியாகக் குழிந்த மர முகப்புள்ள கவுண்டர், செம்மண் நிறச் சுவர். எல்லாமே அழகானவை. ஆனால் அந்தப் படம் எடுத்த இடத்தில் மேசைமேல் புளிக்குழம்பு சிந்தியிருக்காது. இரவு கடை அடைத்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு உணவகத்தில் இவை அன்றாடம் நடப்பவை. ஆகவே வடிவத்தைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அளவையும் பொருளையும் உங்கள் சாப்பாட்டையும் தரையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கில்தான் நடக்கிறது.

முதலில் தரைக் கணக்கு

நாற்காலிக் கடைக்குப் போகும் முன் ஹாலை அளந்து முடிக்க வேண்டும். டிபன் கடைக்கு ஓர் ஆளுக்கு 12 சதுர அடி, நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் குடும்ப உணவகத்துக்கு 15 சதுர அடி என்று தொடங்கலாம். இது சாப்பிடும் ஹாலுக்கு மட்டுமான கணக்கு. சமையலறை, கை கழுவும் இடம், காத்திருக்கும் இடம் இதில் சேராது.

40 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். வாசலுக்கும் கேஷ் கவுண்டருக்கும் முன்பக்கம் 4 அடி விட்டால் நீளத்தில் 36 அடி, அதாவது 432 இன்ச் மிஞ்சும். இப்போது எல்லோரும் கேட்கும் கலவையான அமைப்பை இதில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பக்கச் சுவரோடு தொடர் பெஞ்சு. அதன்முன் இருவர் மேசைகள். மேசை அகலம் 26 இன்ச், இரண்டு மேசைக்கு நடுவில் ஆள் நுழைய 13 இன்ச். இந்தக் கணக்கில் 11 மேசை, 22 பேர். எதிர்ச் சுவரில் நால்வர் பூத், அதாவது நடுவில் மேசை, இருபக்கமும் எதிரெதிரே மெத்தை பெஞ்சு. ஒன்றுக்கு 72 இன்ச் வீதம் 6 பூத், 24 பேர். நடுவில் 48க்கு 30 இன்ச் மேசை. மேசையின் 30 இன்ச் பக்கம் ஹாலின் நீளவாக்கில், இருபுற நாற்காலிக்கும் 18 இன்ச் வீதம், உட்கார்ந்தவரின் முதுகுக்கும் அடுத்தவர் முதுகுக்கும் 18 இன்ச் விட்டால் ஒரு மேசைக்கு 84 இன்ச்; 5 மேசை, 20 பேர். ஆக மொத்தம் 66.

அகலத்திலும் சரிபார்க்க வேண்டும். பெஞ்சு 24, மேசை 28, பெஞ்சின்மேல் மேசை ஏறி நிற்பது 2 இன்ச், எதிர் நாற்காலிக்கு 18. இந்தப் பக்கம் 68 இன்ச் போய்விடும். எதிர்ப்பக்க பூத்துக்கு 48, நடு மேசைக்கு 48. 240 இன்ச்சில் மிஞ்சுவது 76. இதை இரண்டு பாதையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 38 இன்ச். தட்டு ஏந்தி வருகிற பரிமாறுபவருக்கு 36 இன்ச் கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலி போகவும் அதே 36தான். காகிதத்தில் 66 வந்தாலும் கை கழுவப் போகும் வழிக்காக நடு மேசை ஒன்றும் பூத் ஒன்றும் விட்டுக்கொடுத்து 58 பேரோடு நிறுத்துவதே நல்லது. அந்த எட்டு இடத்தை இழுத்துப் பிடித்தால் மதியக் கூட்டத்தில் சாம்பார் வாளியோடு வருகிறவர் திரும்பக்கூட முடியாமல் நிற்பார்.

வரைபடம் முடிந்ததும் அதே அளவுகளைச் சாக்பீஸாலோ மாஸ்கிங் டேப்பாலோ ஹால் தரையில் வரையுங்கள். நான்கு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஆட்களை உட்காரவைத்து, நடுவில் ஒருவரைத் தட்டோடு நடக்கவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். இதைச் செய்யாத இடங்களில்தான் பூத் வைத்த பிறகு தூண் இடிக்கிறது, பிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறது.

உயரமும் அகலமும்

சாப்பாட்டு மேசைக்கு 30 இன்ச் உயரம், இருக்கைக்கு 18. நின்றவாக்கில் சாய்ந்து உட்காரும் கவுண்டர் 36 இன்ச் என்றால் ஸ்டூல் 26. பார் 42 என்றால் ஸ்டூல் 30. எந்த ஜோடியிலும் இருக்கைக்கும் மேற்பரப்புக்கும் 10 முதல் 12 இன்ச் வித்தியாசம் இருக்க வேண்டும். 36 இன்ச் கவுண்டருக்கு 30 இன்ச் ஸ்டூல் வாங்கிவிட்டுத் தொடை இடிக்கிறது என்று தவிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. விற்பவர் இரண்டையும் ‘பார் ஸ்டூல்’ என்றே சொல்வார். அளவுநாடாவை நீங்கள்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

படங்களில் வரும் 20, 24 இன்ச் வட்ட மேசை இரண்டு காபிக்கும் ஒரு கேக்குக்கும் போதும். இருவர் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டு வைத்து, நடுவில் தண்ணீர் ஜக்கும் டம்ளரும் வைக்க 28 இன்ச் ஆழம் வேண்டும். வாழை இலை போடும் கடைக்கு 30. ஒருவருக்கு 24 இன்ச் அகலம் விடுங்கள். கையால் சாப்பிடும்போது முழங்கை வெளியே விரியும் என்பதால் இதில் குறைக்கக் கூடாது. நெய் ரோஸ்ட்டைக் கூம்பாக நிறுத்திப் பரிமாறும் கடைக்கு 24 இன்ச் வட்ட மேசை ஒருபோதும் ஒத்துவராது.

உயர மேசைகளைப் பொறுத்தவரை, குடும்பத்தோடு பாட்டியும் கைக்குழந்தையும் வரும் கடையில் அவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஜன்னலோரம் ஒரு நீளப் பலகை, தனியாக வருகிறவர்களுக்கு. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேசைப் பலகை: அமிலம், மஞ்சள், எண்ணெய், சூடு

பெருந்தவறு நடக்கும் இடம் இது.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, தயிர், ரசம் எது பட்டாலும் அந்த இடத்தின் பளபளப்பை அமிலம் அரித்துவிடும். அது கறை அல்ல, கல்லே கரைந்த தடம்; எந்தத் துணியாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் மறையும். அதன்மேல் மஞ்சளும் ஏறினால் வெள்ளை மேசை சில வாரங்களில் கண்ணுக்கு ஆகாது. மொசைக்குக்கும் ஆத்தங்குடி ஓட்டுக்கும் இதே பலவீனம் உண்டு, இரண்டிலும் சிமென்ட் இருக்கிறது. ஆத்தங்குடி ஓட்டை மேசைமேல் பதிப்பது இப்போது பரவி வரும் ஆசை. அந்த ஓடு அவ்வளவு அழகு என்பதாலேயே அதை எண்ணெய் படாத இடத்தில் வையுங்கள்: கவுண்டரின் முன்முகப்பு, பெஞ்சுக்குப் பின்னுள்ள சுவர், தரை. மேசையில்தான் வேண்டும் என்றால் மேலே கண்ணாடி போட வேண்டும்.

கிரானைட் அமிலத்துக்கு அசையாது. பழைய மெஸ்களில் அது நிலைத்து நின்றதற்குக் காரணம் அதுதான். எடையைத்தான் யோசிக்க வேண்டும். 48க்கு 30 இன்ச், 18 மி.மீ. கிரானைட் பலகை 45 கிலோ வரும். தினமும் மேசைகளைச் சேர்த்துப் பிரிக்கும் கடைக்கு இது தோதுப்படாது. அதே அளவில் 12 மி.மீ. காம்பாக்ட் லேமினேட் 15 அல்லது 16 கிலோதான். அது முழுக்கக் காகிதமும் பிசினும் உயர் அழுத்தத்தில் இறுகிய பலகை. தண்ணீருக்கு ஊதாது, விளிம்பில் பட்டி ஒட்ட வேண்டியதில்லை. இப்போதைய மெல்லிய மேசைத் தோற்றமும் இதில் தானாகவே கிடைத்துவிடும். செலவு கூடுதல், ஆனால் கூட்டம் அதிகமுள்ள கடைக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே.

கையிருப்பு குறைவு என்றால் 18 மி.மீ. பிளைவுட்டும், அதன்மேல் ஒட்டும் மெல்லிய லேமினேட் தாளான மைக்காவும். மூன்று நிபந்தனைகள் உண்டு. பிளைவுட் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள, கொதிநீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், ஐ.எஸ். 303இல் வரும் சாதாரண ஈரத்தடுப்பு வகை ஈரத்துணியால் நாளுக்கு ஐம்பது முறை துடைப்பதைத் தாங்காது. மேலே மைக்கா ஒட்டினால் அடியிலும் அதே தடிமனில் ஒரு தாள் ஒட்ட வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளைந்து, பிறகு நிமிராது. விளிம்பில் 2 மி.மீ. பி.வி.சி. பட்டியை மெஷினில் ஒட்டவையுங்கள். கையால் ஒட்டும் மெல்லிய பட்டி ஓரிரு மாதத்தில் முனையில் கிளம்பும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மரத்தூளையும் மரத்துகளையும் பசையில் அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டையும் மேசைக்கு விலக்கிவிடுங்கள். ஒருமுறை ஊதினால் திரும்பச் சுருங்காது.

வெளிர் நிறமும் சொரசொரப்பும் சேர்ந்த மைக்கா மஞ்சளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதிரித் துண்டு வாங்கி, சாம்பார், எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், சூடான டிகாஷன் நான்கையும் ஒவ்வொரு சொட்டு விட்டு ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பார்த்தால் போதும், கடைக்காரரிடம் வேறு கேள்வி தேவைப்படாது.

முழு மரப் பலகை வேண்டும் என்கிறவர்கள் மரம் அசையும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் குறுக்குவாட்டில் விரியும், ஏசி ஹாலில் சுருங்கும். பலகையை இரும்புச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டினால் வெடிக்கும்; ஸ்க்ரூ போகும் துளையை நீளவாக்கில் விட்டால் அசைய இடம் கிடைக்கும். மெலமைன் பாலிஷில் சூடான டபரா வெள்ளை வளையம் போடும், பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் அதைவிடத் தாங்கும். காரைக்குடியில் பழைய வீட்டுத் தேக்கு வாங்கி மேசையாக்குவது நல்ல யோசனைதான். அறுக்கும் முன் உள்ளே புதைந்த ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மேசைக் கால்

நடுவில் ஒற்றைக் கால் நிற்கும் மேசைக்கு விதி எளிது: அடிப்பாதத்தைத் தாண்டி மேற்பலகை எந்தப் பக்கமும் 4, 5 இன்ச்சுக்கு மேல் நீளக் கூடாது. 30 இன்ச் சதுரப் பலகைக்கு 22 இன்ச் பாதம். 48க்கு 30 மேசைக்கு இரண்டு கால். குறைந்தால், எழும்போது ஒருவர் ஓரத்தில் கையை ஊன்றியதும் மேசை சாயும்.

கழுவும் தரையில் எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப் கால் அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும், அதுவும் உள்ளிருந்து. பைப்பின் வாய் திறந்திருந்தால் தண்ணீர் ஏறி அங்கேயே தங்கிவிடும். வாயை வெல்டிங்கில் மூடி, அதன்பின் பவுடர் கோட்டிங் (பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு), அதன்மேல் நைலான் புஷ் (கால் நுனி மூடி) என்ற வரிசையில் செய்யவையுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் 304 என்ற தரம் கேளுங்கள். துரு தாங்கும் திறன் குறைந்த 202ஐ 304 என்று தருவது உண்டு. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, ஆகவே காந்தச் சோதனையால் பயனில்லை. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புதுச்சேரிக் கடற்கரையிலோ கடை என்றால் 304கூட பழுப்புப் புள்ளி காட்டும். அங்கே 316, அல்லது பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம்.

ஆடும் மேசைக்குக் காகிதம் மடித்து வைக்கும் பழக்கத்தை ஒழிக்க, திருகி உயர்த்தும் பாதம் போதும்.

நாற்காலி: மூன்று பெயர்போன வடிவங்களும் அவற்றின் நகல்களும்

இன்று சந்தையில் உள்ளவற்றில் பெரும்பகுதி மூன்று மூலங்களின் நகல். மூலம் ஏன் நிலைத்தது என்று தெரிந்தால் நகல் எங்கே உடையும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலாவது தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி, 1859. நீராவியில் வளைத்த பீச் மரம். 6 மரத் துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி. எடை குறைவு, உடைந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். நகலில் மரத்தை வளைக்காமல் துண்டுகளாக வெட்டி ஒட்டுவார்கள். இழைக்குக் குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் அது முறியும். வளைவில் மர இழை தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது தகர நாற்காலி. பிரான்சில் சாவியே போஷார் 1934இல் வடிவமைத்த டோலிக்ஸ் ‘ஏ’. துத்தநாகம் பூசிய தகடு, அதனால் திறந்தவெளியில் நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். நகலில் துத்தநாகம் இருக்காது, பெயின்ட் மட்டும் இருக்கும். கீறல் விழுந்த இடத்தில் துரு தொடங்கும். வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் இதைப் போட்டால் உட்கார முடியாத அளவுக்குச் சுடும். நிழலுள்ள இடத்துக்கு மட்டும், இருக்கைமேல் மரப்பலகை வைத்து வாங்குங்கள்.

மூன்றாவது, இப்போது எங்கும் காணும் சண்டிகர் நாற்காலி. 1950களில் அந்நகரத்தின் அலுவலகங்களுக்காக கட்டடக் கலைஞர் பியர் ஜானரே முதலியோர் உருவாக்கிய, ‘வி’ வடிவக் காலும் பிரம்புப் பின்னலும் கொண்ட தேக்கு நாற்காலி. அலுவலகத்தில் ஒரே ஆள் பதமாக உட்காருவார். உணவகத்திலோ பர்ஸ் வைத்த பின்பாக்கெட், குதிக்கும் குழந்தை, ஒரு நாளில் இருபது பேர். ஆகவே பிரம்பு முதுகில் மட்டும் இருக்கட்டும். இருக்கையில் பிளைவுட்டும் மெத்தையும் வையுங்கள். ஆயத்தப் பின்னலைப் பொருத்தும் முன் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு வரிப்பள்ளத்தில் அழுத்தி, மேலே பிரம்புப் பட்டியும் பசையும் இட வேண்டும். காயும்போது அது தானாக விறைக்கும். உலர்ந்தபடி அடித்தது சில மாதத்தில் தொய்யும். நாள் முழுக்க ஏசி ஓடும் ஹாலில் பிரம்பு வறண்டு ஒடியும் என்பதால் மாதம் ஒருமுறை பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூட்டைப்பூச்சி தங்கும் முதல் இடமும் பிரம்புப் பின்னல்தான். வாரம் ஒருமுறை டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள்.

மரத்தில் தேக்குக்கு அடுத்து ரப்பர் மரம் நல்ல மலிவுத் தேர்வு. ஆனால் அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்திய மரமா என்று கேளுங்கள். ஈரப்பத மீட்டரில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். நாற்காலிக் காலின் மூட்டு, ஒரு சட்டத்தின் நாக்கு மற்றதன் துளையில் இறங்கிப் பசையோடு பிடிக்கும் மூட்டாக இருக்க வேண்டும். வெறும் ஸ்க்ரூவில் நிற்கும் மூட்டு ஒரு வருடத்துக்குள் ஆடத் தொடங்கும்.

பூத்தும் தொடர் பெஞ்சும்

இது நம் குடும்பங்களுக்குப் பிடித்த இருக்கை. பை வைக்க இடம், குழந்தை விழாது, பக்கத்துப் பேச்சும் குறையும். கான்கிரீட் கூரையைத் திறந்தபடி விடும் மோகத்தில் ஹால் இரைச்சலாகிவிட்ட இடங்களில் மெத்தை முதுகு கொஞ்சம் ஒலியை விழுங்கும்.

செய்முறை வரிசையாக: தரையில் முதலில் 4 இன்ச் உயரத்துக்குச் செங்கல் திண்டு கட்டி அதன் முகப்பில் கிரானைட் பட்டி ஒட்டுங்கள். பெட்டி அதன்மேல் உட்காரும். கழுவும் தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. திண்டு இருக்கையின் முன்விளிம்பைவிட 3 இன்ச் உள்ளே தள்ளி இருந்தால் குதிகாலுக்கு இடம் கிடைக்கும். பெட்டி 18 மி.மீ. ஐ.எஸ். 710 பிளைவுட், 24 இன்ச்சுக்கு ஒரு குறுக்குத் தாங்கல். உட்காரும் ஆழம் 18 இன்ச், முதுகு 5 முதல் 10 டிகிரி பின்சாய்வு.

ஃபோம் 40 டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ), 4 இன்ச் தடிமன். 23, 28 டென்சிட்டி ஃபோம் கடையில் தொடும்போது மெத்தென்று இருக்கும், ஆறு மாதத்தில் குழி விழும். உட்காரும்போது ஓர் இன்ச் அமுங்கும் என்பதால் மெத்தையோடு சேர்த்து 19 இன்ச் உயரம் வைத்தால் சரியாக 18க்கு வரும். முதுகுக்கு 32 டென்சிட்டி, 2 இன்ச்.

இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே ஓர் இன்ச் இடைவெளி விடுங்கள். சோற்றுப் பருக்கை அதன் வழியே கீழே விழும், இருக்கையைத் தூக்கிக் கூட்டிவிடலாம். இடைவெளி இல்லாமல் இறுக்கிய பூத்தில் அந்த மடிப்புதான் கரப்பான் வளர்க்கும் இடம். பட்டன் வைத்துக் குழித்த மெத்தையும் இருக்கைக்கு வேண்டாம். செங்குத்து வரி வைத்த தையல் இப்போது விரும்பப்படுகிறது. அதை முதுகோடு நிறுத்துங்கள்.

மேலுறை விஷயத்தில் பி.யூ. ரெக்சினைப் பற்றி எச்சரிக்கை. தொட மென்மை, ஆனால் நம் ஈரக்காற்றில் அதன் மேற்தோல் சிதைந்து உரியும். கெட்டியான பி.வி.சி. ரெக்சின் அதைவிட உழைக்கும். துணி என்றால் மார்ட்டின்டேல் உரசல் சோதனையில் 40,000 உரசலுக்கு மேல் தாங்கியதை, விற்பவரின் சோதனைத் தாளைப் பார்த்து வாங்குங்கள். முதுகை 42 இன்ச்சுக்கு உயர்த்தினால் தலை படும். தலையில் தேய்த்த எண்ணெய் ரெக்சினை விறைக்கச் செய்து வெடிக்கவைக்கும். 36 இன்ச்சில் மெத்தையை முடித்து, அதற்குமேல் மரப்பட்டியோ கண்ணாடியோ வைப்பது நல்ல தீர்வு.

பூத்தில் உள்நுழைய முதியவர்கள் சிரமப்படுவார்கள். கைப்பிடி உள்ள நாற்காலியோடு ஒரு நால்வர் மேசையாவது வாசலருகே இருக்கட்டும். அதன் அடியில் 27 இன்ச் வெற்றுயரம் இருந்தால் சக்கர நாற்காலியும் நுழையும்.

பார் கவுண்டர்

புதுச்சேரி ரெஸ்டோபார்களிலும் உரிமம் பெற்ற ஹோட்டல் பார்களிலும் செய்யும் கவுண்டருக்கு இரண்டு உயரம் உண்டு. விருந்தினர் பக்கம் 42 இன்ச், உள்ளே பணிபுரியும் பலகை 34 முதல் 36. உள்ளே நடக்க 36 இன்ச். இருவர் ஒருவரையொருவர் கடக்க வேண்டுமென்றால் 42. மேற்பலகை முன்பக்கம் 10 முதல் 12 இன்ச் நீண்டிருந்தால்தான் முழங்கால் இடிக்காது. தரையிலிருந்து 7 முதல் 9 இன்ச் உயரத்தில் கால் வைக்கும் கம்பி. அது இல்லாத பாரில் யாரும் ரொம்ப நேரம் உட்காரமாட்டார்கள். ஸ்டூல்களை நடுவுக்கு நடு 24 இன்ச், கைப்பிடி இருந்தால் 28 தள்ளி வையுங்கள். எலுமிச்சை இங்கும் ஓயாது என்பதால் மார்பிள் மேற்பலகை வேண்டாம். கறுப்பு கிரானைட் அல்லது குவார்ட்ஸ்.

வரிக்குழி முகப்பு அழகுதான். குறுகிய வரியில் தூசியும் பிசுக்கும் ஏறினால் டூத்பிரஷ் கொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வரி ஓர் இன்ச்சுக்குக் குறையாமல் அகலமாக வைத்து, தரைக்கு 6 இன்ச் மேலேயே முடித்துவிட்டு, கீழே கிரானைட் பட்டி கொடுங்கள். உதை படுவதும் துடைப்பம் படுவதும் அந்தப் பட்டியோடு போகும்.

ஆர்டர், சரிபார்ப்பு, பராமரிப்பு

ஒரே ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் முதலில் செய்யச் சொல்லி, இரண்டு வாரம் சமையலறை ஆட்கள் சாப்பிடும் இடத்தில் போடுங்கள். நாற்காலியைப் பின்னங்கால் இரண்டில் சாய்த்து ஆட்டி, மூட்டு முனகுகிறதா என்று கேளுங்கள். கவிழ்த்துப் போட்டு வெல்டிங், ஸ்க்ரூ, பாலிஷ் விடுபட்ட அடிப்பாகம் எல்லாம் பாருங்கள். ஒரு கையால் தூக்க முடியாத நாற்காலியை வாங்காதீர்கள்; தினமும் இரவு மேசைமேல் கவிழ்த்துத் தரை கழுவுகிறவரின் தோள் பாவம். பைப் நாற்காலி என்றால் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தடிமன், 18 கேஜ் வளையும்.

மாதிரி சரியானதும் அதையே கடையில் முத்திரை வைத்து வைத்துக்கொண்டு, வரும் சரக்கை அதோடு ஒப்பிடுங்கள். பணத்தில் 10 சதவீதத்தை ஒரு மாத ஓட்டத்துக்குப் பிறகு தருவதாக எழுத்தில் பேசிவிடுங்கள். 60 இருக்கைக்கு 5 நாற்காலி உபரியாக வாங்குங்கள். பிறகு கேட்டால் அதே பாலிஷ் நிறம் கிடைக்காது.

ஓட்டம் தொடங்கிய முதல் மாத முடிவில் எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்க வேண்டும், மரம் அதற்குள் தன் இடத்தைப் பிடித்திருக்கும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மேசை துடைக்கும் தண்ணீரில் பினாயில் கலக்க விடாதீர்கள், அது பாலிஷை மங்கவைக்கும்; பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு போதும். ஸ்டோர் அறையில் ஒரு டப்பாவில் நைலான் புஷ் 50, திருகுபாதம் 10, அதே நிற ரெக்சின் 5 மீட்டர், மைக்கா ஒரு தாள், விளிம்புப் பட்டி 10 மீட்டர். புஷ் தேய்ந்த நாற்காலியை அன்றைக்கே மாற்றுங்கள். தாமதித்தால் தரை ஓடு கீறும்.